மலை ஏரியில் படகு விடப் போகிறீர்களா? முதலில் கரையைப் பாருங்கள்!

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெங்களூரில் வேலை பார்க்கும் என் தங்கை மகள், கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, டிக்கியைத் திறந்து ஒரு பெரிய பையைக் காட்டினாள்.

"என்னடி இது, கூடாரமா?" என்றேன்.

"கயாக், பெரியம்மா! காத்தடிச்சா படகாயிடும். நம்ம கல்வராயன் மலைப் பக்கம் இதை எங்கே தண்ணியில இறக்கலாம்னு பார்க்கணும். நீங்களும் வாங்க!"

வட துருவப் பக்கம் வாழும் இன்யூட் மக்கள் சீல் தோலைப் போர்த்திச் செய்த ஒல்லிப் படகுதான் கயாக். இரண்டு முனையிலும் தட்டையான ஒரே துடுப்பால் இடமும் வலமும் மாற்றி மாற்றித் தள்ள வேண்டும். அந்தக் காலத்தில் நம் ஒகேனக்கல் பரிசலுக்கும் தோல்தானே போர்த்தினார்கள்? அதற்குத் தூரத்து உறவு என்று வைத்துக் கொள்ளுங்களேன்!

கோமுகி கற்றுத் தந்த பாடம்

கச்சிராயபாளையம் தாண்டினால் மலை அடிவாரத்தில் கோமுகி அணை. 1960களில் கட்டியது. முழு உயரம் 46 அடி. பொட்டியம், கல்படை போன்ற மலை ஓடைகள் வந்து சேரும் இடம். மழைக்காலத்தில் நிரம்பி, பாசனத்துக்குத் திறந்து விட்ட பின் மெள்ள மெள்ளக் குறையும். நாங்கள் போனபோது குறைந்து கொண்டிருந்த சமயம்.

பின்னால் பச்சை மலை, முன்னால் கண்ணாடி போலத் தண்ணீர். "இங்கேயே இறக்கிடலாம் பெரியம்மா!" என்று துள்ளிக் கொண்டு கரையில் இறங்கினாள் பெண். மேலே காய்ந்து வெடித்த மண். பார்த்தால் கெட்டித் தரை மாதிரி. நாலே எட்டு வைத்திருப்பாள், "ஐயோ!" என்றாள். ஒரு கால் முழங்கால் வரை உள்ளே! இழுக்க இழுக்க மற்ற காலும் புதைகிறது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஆடு மேய்த்துக் கொண்டிருந்த ஓர் அம்மாள் ஓடி வந்தார். "நீ எறங்காதம்மா! பாப்பா, குதிக்காத. அப்படியே முன்னால சாஞ்சு படு!" என்று அதட்டிவிட்டு, கையிலிருந்த நீளக் கழியை நீட்டினார். அவள் மண்மேல் படுத்தபடி கழியைப் பிடித்து, காலை ஆட்டி ஆட்டி உருவிக் கொண்டு வந்தாள். ஒரு செருப்பு உள்ளேயே போய்விட்டது.

"தண்ணி போன வாரம் அந்தக் கல்லு வரைக்கும் நின்னுச்சு. இப்ப வடிஞ்ச எடம் எல்லாம் சேறுதான். ஐப்பசியில வந்தா வேற மாதிரி. இங்க வெயிலடிக்கும், மேல மழை பேயும், தண்ணி சரசரன்னு ஏறும்" என்றார் அந்த அம்மாள்.

எத்தனை புத்தகம் படித்தாலும் இது கிடைக்குமா? அன்று அவரிடம் கேட்டதும் நாங்கள் பட்டதுமாகச் சேர்த்துத் தருகிறேன்.

கரையில் கவனிக்க வேண்டியவை

1. கழி இல்லாமல் கரையில் இறங்காதீர்கள். ஒவ்வோர் அடிக்கும் குத்திப் பார்த்து, கெட்டியாக இருந்தால் மட்டும் கால் வையுங்கள். சரளை மண்ணோ, சரிவான பாறையோ நல்லது. பாசி பிடித்த படி வேண்டவே வேண்டாம்.

2. ஏறும் இடத்தைவிடத் திரும்பி இறங்கும் இடம் முக்கியம். களைத்து, நனைந்து வரும்போது கரையேற வேண்டுமே! இன்னும் ஓர் இடத்தையும் பார்த்து வைத்துக் கொள்ளுங்கள்.

3. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது? போகும்போது எதிர்க் காற்றில் போனால், திரும்பும்போது அதுவே தள்ளி விடும். மாறிப் போனவர்கள்தான் நடு ஏரியில் தவிப்பார்கள். காலை நேரமே சிலாக்கியம்.

4. மதகு, ஷட்டர், உபரி நீர் வழியும் இடம் இவற்றின் பக்கமே போகக் கூடாது. மீன் வலையும், மூழ்கிய மரக்கட்டையும் எங்கே என்று உள்ளூர்க்காரரிடம் கேளுங்கள்.

5. வண்டி நிற்கும் இடத்திலிருந்து எத்தனை தூரம்? பிளாஸ்டிக் கயாக் 25 கிலோ அரிசிச் சிப்பம் அளவு கனம் இருக்கும். அதைத் தூக்கிக் கொண்டு மேட்டில் ஏற முடியுமா என்று யோசியுங்கள்.

6. ஊர்ப் பெண்கள் துணி துவைக்கும், மாடு தண்ணீர் குடிக்கும் துறையை நாம் அடைத்துக் கொள்வது நியாயமல்ல. தள்ளி இடம் பாருங்கள்.

7. அனுமதி! அணை என்றால் நீர்வளத் துறை, காட்டு நிலம் என்றால் வனத்துறை. கேட்காமல் படகை இறக்கக் கூடாது.

கரியாலூரில்

அங்கிருந்து மலைப்பாதையில் ஏறினால், வெள்ளிமலைக்கு முன்னால் கரியாலூர். அங்கே ஏரியில் படகு சவாரி உண்டு. சின்ன ஏரி, எட்டும் தூரத்தில் கரை, பார்த்துக் கொள்ள ஆள். துடுப்புப் பழகாதவர்கள் தொடங்க இப்படிப்பட்ட இடம்தான் ஏற்றது. எங்கள் பெண்ணும் பையைத் திறக்காமல் என்னோடு வாடகைப் படகில் ஏறினாள். ஆனால் கொண்டு வந்திருந்த மிதவை ஜாக்கெட்டை மறக்காமல் போட்டு விட்டாள். "எனக்கு எதுக்குடி?" என்ற எனக்கும்தான்!

அவள் செய்தது சரி. 2009 செப்டம்பரில் தேக்கடி ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் போனார்களே, நினைவிருக்கிறதா? ஜாக்கெட்டை மடியில் வைத்துக் கொள்வதும் போடாததும் ஒன்றுதான். குழந்தைக்குப் போட்டதும் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காது வரை ஏறினால் அளவு பெரிது, வேறு கேளுங்கள்.

உடுப்பும் உடம்பும்

புடவை நனைந்தால் காலைச் சுற்றும், துப்பட்டாவும் ஆகாது. சீக்கிரம் உலரும் சல்வார் கமீஸ் போதும். மாற்றுடை, துண்டு, பிளாஸ்கில் சுக்குக் காப்பி எடுத்துப் போங்கள். காலில் வெட்டுக்காயம் இருந்தால் ஏரித் தண்ணீரில் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் கிருமி அந்த வழியாக உள்ளே போகலாம். இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், தசைவலி வந்தால், "ஏரியில் இறங்கினேன்" என்று டாக்டரிடம் சொல்லுங்கள். போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் எழுதி வைத்துவிட்டுக் கிளம்புங்கள். மலையில் எல்லா இடத்திலும் டெலிபோன் சிக்னல் எட்டாது.

திரும்பும் வழியில், "படகை இறக்காமலே போறோமேன்னு கோபமா?" என்று கேட்டேன்.

"இல்லை பெரியம்மா. முதல்ல பர்மிஷனுக்கு எழுதிப் போடறேன். அடுத்த தடவை அந்த ஆட்டுக்கார அம்மாவுக்குப் புடவை வாங்கிட்டுப் போகணும்" என்றாள்.

நானும் ஒன்று செய்தேன். கச்சிராயபாளையத்தில் வண்டியை நிறுத்தி, ஆறடி மூங்கில் கழி ஒன்று வாங்கினேன். அவள் காரிலேயே கிடக்கட்டும்!