எண்ணெய் டாங்கிக்குள் எவ்வளவு? எட்டிப் பார்ப்பது உயிருக்கு ஆபத்து!

குஜராத் மாநிலம் அங்கலேஷ்வரில் 1960-ம் ஆண்டு எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. இதுபோன்ற எண்ணெய் வயல்களில் பெரிய பெரிய இரும்பு டாங்கிகளைக் காணலாம். கிணற்றில் இருந்து வரும் எண்ணெய் இவற்றில்தான் சேருகிறது. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பித்தளைக் குண்டு

பழைய முறைக்கு "டிப்" எடுப்பது என்று பெயர். கொத்தனாரின் தூக்குக்குண்டு போன்ற பித்தளைக் குண்டு ஒன்றை எஃகு நாடாவில் கட்டியிருப்பார்கள். தொழிலாளி டாங்கியின் உச்சியில் ஏறி, மூடியைத் திறந்து, குண்டு அடியைத் தொடும் வரை நாடாவை இறக்குவார். நாடாவில் எண்ணெய் நனைத்த இடம்தான் அளவு. பித்தளை உரசினால் எளிதில் தீப்பொறி எழாது.

எண்ணெயோடு தண்ணீரும் வரும். அது அடியில் தங்கிவிடும். அதை அறிய, குண்டில் ஒரு பசையைத் தடவுகிறார்கள். தண்ணீர் பட்ட இடத்தில் மட்டும் பசையின் நிறம் மாறும்.

10 மீட்டர் விட்டமுள்ள டாங்கியில் 1 செ.மீ. உயரம் என்பது சுமார் 785 லிட்டர்! அதனால்தான் இத்தனை கவனம்.

நாற்றம் போனால் ஆபத்து

மூடியைத் திறந்ததும் எண்ணெய் ஆவி முகத்தில் அடிக்கும். மூச்சு திணறும். சில வயல்களில் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயுவும் இருக்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். வாயு அதிகமானால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாது. "நாற்றம் போய்விட்டது" என்று நிம்மதி அடைவது தவறு.

அமெரிக்காவில் 2010 முதல் 2014 வரை, டாங்கியை அளக்கவும் மாதிரி எடுக்கவும் சென்ற 9 தொழிலாளர்கள் பலியானார்கள். அந்நாட்டு அரசு 2016-ல் இதுபற்றி எச்சரிக்கை வெளியிட்டது.

ஏறாமலே அளக்கலாம்

எண்ணெயோடு ஏறி இறங்கும் மிதவையை வைத்து, வெளியே இருந்தே அளவு பார்க்கலாம். ரேடார் கருவி மேலிருந்து அலைகளை அனுப்பி, அவை திரும்பும் நேரத்தைக் கொண்டு மட்டத்தைச் சொல்லிவிடும்.

ஆனால் கருவியும் பழுதாகும். இங்கிலாந்தில் பன்ஸ்ஃபீல்டு என்ற இடத்தில் 2005 டிசம்பர் 11-ந் தேதி, அளவு காட்டும் கருவி சிக்கிக்கொண்டது. எச்சரிக்கைக் கருவியும் வேலை செய்யவில்லை. பெட்ரோல் வழிந்து, வெடித்து, 40-க்கும் மேற்பட்டோர் காயம் அடைந்தனர். எனவே கருவிகளை அடிக்கடி சோதிக்க வேண்டும்.

மூடியைத் திறந்தே தீரவேண்டுமா? தனியாக ஏறாதீர்கள். ஆவி மேலே படாதபடி காற்றின் திசை பார்த்து நில்லுங்கள். வாயுவைக் காட்டும் கருவி சட்டையில் இருக்கட்டும். உள்ளே மட்டும் குனிந்து பார்க்காதீர்கள். எண்ணெய் அளவை நாடா சொல்லும். அதற்கு உங்கள் முகம் தேவையில்லை.