விளம்பரத்தில் ஒரு தூரம், வீதியில் ஒரு தூரம்

"ஹைப்ரிட் கார் வாங்கலாமா?" என்ற கேள்வி இப்போது மும்பையில் நம் சங்க நண்பர்கள் பலர் வீட்டில் எழுகிறது. பெரும் தொகை போடும் விஷயம். ஆகவே ரயில்வேயில் எஞ்சின்களோடு காலம் கழித்தவன் என்ற முறையில் சில விவரங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில், ஹைப்ரிட் என்ற பெயரில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஓடும்போதே தன் பேட்டரியைத் தானே சார்ஜ் செய்துகொள்ளும். அதற்குப் பிளக் கிடையாது. மற்றது 'பிளக்-இன் ஹைப்ரிட்'. வீட்டு மின்சாரத்தில் சார்ஜ் ஏற்றினால் குறிப்பிட்ட தூரம் மின்சாரத்திலேயே ஓடும். பிறகு பெட்ரோலுக்கு மாறும். நம் நாட்டில் இது விலை உயர்ந்த சில மாடல்களில்தான் வருகிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஏராளம். பிள்ளைகள் அங்கே இருப்பவர்களுக்கும் இது பயன்படும்.

2009-ல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் செவர்லே வோல்ட் கார் ஒரு கேலனுக்கு 230 மைல் தரும் என்று அறிவித்தது. நம் கணக்கில் லிட்டருக்குச் சுமார் 98 கி.மீ.! 2010 இறுதியில் கார் விற்பனைக்கு வந்தபோது அமெரிக்க அரசின் சான்று வேறு மாதிரி இருந்தது. மின்சாரத்தில் 35 மைல், அதாவது 56 கி.மீ.; பெட்ரோலில் ஓடினால் லிட்டருக்கு 16 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. 98 எங்கே, 16 எங்கே!

ஐரோப்பிய ஆணையம் 2024-ல் வெளியிட்ட அறிக்கை இன்னும் தெளிவானது. 2021-ல் பதிவான கார்களில் உள்ள கருவிகளே எரிபொருள் செலவைப் பதிவு செய்திருந்தன. சாதாரண பெட்ரோல், டீசல் கார்கள் சோதனைக்கூட அளவைவிட ஏறத்தாழ 20 சதவீதம் அதிகமாகக் கரியமில வாயுவை வெளியிட்டன. பிளக்-இன் கார்களோ சராசரியாக மூன்றரை மடங்கு!

காரணம் என்ன?

சோதனைக் கணக்கில், உரிமையாளர் தவறாமல் சார்ஜ் ஏற்றுவார், பெரும்பகுதி தூரம் மின்சாரத்தில் ஓடுவார் என்று ஊகிக்கிறார்கள். நிஜத்தில் பலர், குறிப்பாகக் கம்பெனி கார் வைத்திருப்பவர்கள், பிளக்கைத் தொடுவதே இல்லை. அதனால்தான் ஐரோப்பாவில் 2025 முதல் புதிய மாடல்களுக்கு இந்தக் கணக்கைக் கடுமையாக்கிவிட்டார்கள்.

அடுத்து சாலை. மின்சார ரயிலுக்கு மேலே கம்பியில் மின்சாரம் காத்திருக்கிறது. கார் தன் பேட்டரியையும் தானே சுமக்க வேண்டும். ஒரு யூனிட்டுக்கு 6 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நெரிசலில் 30 கி.மீ. போக இரண்டு மணி நேரம் ஆகிறது. ஏ.சி. மணிக்கு ஒன்றரை யூனிட் எடுத்தால் 3 யூனிட் போச்சு. 18 கி.மீ. ஓடவேண்டிய மின்சாரம் குளிர்காற்றாகக் கரைந்துவிட்டது!

மலையேற்றம் இன்னொன்று. போர் காட்டில் 37 அடிக்கு ஓர் அடி ஏற்றம். அங்கே ரயிலுக்குப் பின்னாலிருந்து தள்ள வேறு எஞ்சின்கள் போடுகிறோம். கண்டாலா ஏறும் காருக்கும் அதே இயற்பியல்தான். ஏற்றத்தில் அழுத்தி மிதித்தால் பல மாடல்களில் பேட்டரியில் சார்ஜ் இருக்கும்போதே பெட்ரோல் எஞ்சின் கிளம்பிவிடும்.

முழு மின்சாரக் கார்களிலும் இந்த வித்தியாசம் உண்டு. 2024-ல் டாடாவின் கர்வ் மின்சாரக் காருக்குச் சோதனைத் தூரம் 585 கி.மீ. அன்றாட ஓட்டத்தில் 400 முதல் 425 கி.மீ. எதிர்பார்க்கலாம் என்று நிறுவனமே சேர்த்துச் சொன்னது. எல்லோரும் இப்படிச் சொன்னால் நல்லது.

வாங்குமுன்

உங்கள் பார்க்கிங் இடத்தில் பிளக் பாயிண்ட் வைக்க ஹவுசிங் சொசைட்டியின் அனுமதியை முதலில் எழுத்தில் வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் பிளக்-இன் கார் என்பது, கனமான பேட்டரியைச் சுமந்து திரியும் பெட்ரோல் கார்தான். தினமும் எத்தனை கி.மீ. ஓடுகிறீர்கள் என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். சொன்ன தூரத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். தினசரி ஓட்டம் அதற்குள் அடங்கி, இரவில் சார்ஜ் ஏற்றவும் வசதி இருந்தால், இந்தக் கார் உண்மையிலேயே பெட்ரோலை மிச்சப்படுத்தும். இல்லையென்றால் அந்தப் பணம் வங்கியிலேயே இருக்கட்டும்.