ஒளி பிடிக்கும் வளையங்கள்

குளத்தின் மேற்பரப்பிலே பாசி உறிஞ்சியது போக எஞ்சிய, கண்ணுக்குப் புலனாகாத செந்நிறக்கீழ் ஒளியைக் கொண்டே அடிச்சேற்றில் ஊதாநிறப் பற்றீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றின் மென்சவ்விற் பதிந்துள்ள புரத வளையங்களை ஒளி பிடிக்கும் வலை என நாம் கூறலாம். 1995ஆம் ஆண்டில் கிளாஸ்கோ அறிஞர்கள் ஒருவகை வளையத்தின் அமைப்பைத் துலக்கினர். அதிற் பச்சையத்துக்கு இனமான மூலக்கூறுகள் 27 உள; ஒரு வட்டத்தில் 9, நெருங்கி அமைந்த மற்றொன்றில் 18.

பிடித்த சக்தி ஒரு மூலக்கூற்றிலே தங்குமா, வட்டம் முழுதும் பரவுமா? அறிஞர் மாறுபட்டனர். கோடிக்கணக்கான வளையங்களை ஒருங்கே சோதித்தால் விடை கிட்டாது; திருவிழா இரைச்சலில் ஒருவர் குரலைப் பிரித்தறிதல் இயலுமோ? ஆகவே 1999இல் ஒல்லாந்தின் லெய்டன் நகர ஆய்வாளர் வளையங்களை ஐதாகப் பரப்பி, மறை 272 பாகை செல்சியசு வரை குளிர்வித்து, இலேசர் ஒளியால் ஒவ்வொன்றாக நோக்கினர். (1908இல் ஈலிய வாயு முதன்முதல் திரவமாக்கப்பட்டதும் அந்நகரிலேயே.) அக்குளிரில் மூலக்கூறுகளின் நடுக்கம் அடங்குகிறது, நிறமாலைக் கோடுகள் கூர்மையடைகின்றன.

ஒன்பதின் வட்டம் பல கூரிய கோடுகளைக் காட்டிற்று. அங்கே சக்தி பெரும்பாலும் தனி மூலக்கூறுகளிலேயே தங்குகிறது. பதினெட்டின் வட்டமோ அகன்ற சில பட்டைகளையே காட்டிற்று. அங்கே சக்தி பலவற்றுக்கும் பொதுச் சொத்து! சாதாரண வெப்பநிலையில் முன்னதிலிருந்து பின்னதற்கு அது தாவ எடுக்கும் நேரம், ஒரு செக்கனின் இலட்சங் கோடியில் ஏறக்குறைய ஒரு பங்கே.