வறண்ட நிலத்தில் சேறு தேடுவோம்

"சேற்றிலே விளையாடாதே!" என்று வீட்டில் அதட்டு வாங்காத பிள்ளைகள் உண்டா? ஆனால் தமிழ்நாட்டில் சில ஊர்களில் அந்த அதட்டலுக்குப் பாதி ஆண்டு வேலையே இராது. அங்கே சேறு வேண்டுமென்றால் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

கிருஷ்ணகிரி மாவட்டம், அஞ்செட்டி வட்டத்திலுள்ள நாட்றாம்பாளையம் அப்படிப்பட்ட பகுதியில் இருக்கிறது. அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் போகும் மலைப்பாதையில், கர்நாடக எல்லைக்கு அருகில் உள்ள ஊர் இது. கேழ்வரகு விளையும் செம்மண் பூமி. சுற்றிலும் குன்றுகள், முட்காடுகள். காவிரி தமிழ்நாட்டுக்குள் வரும் நீரை அளக்கும் பிலிகுண்டுலு நிலையம் இந்தப் பக்கத்தில்தான் உள்ளது. ஆறு அருகில் ஓடினாலும் மேட்டு நிலத்துக்கு அதனால் பயனில்லை.

மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 800 முதல் 900 மில்லிமீட்டர். இது மிகக் குறைந்த மழை அன்று. பிறகு ஏன் வறட்சி? ஓசூர் மேட்டுநிலம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஒகேனக்கல் பகுதியில் காவிரி ஓடும் மட்டமோ 250 மீட்டரை ஒட்டியது. இடையில் உள்ள நிலம் முழுவதும் சரிவு. பாறைமேல் மெல்லிய மண் போர்வை. பெய்த மழை நிற்காமல் ஓடிவிடுகிறது. ஆகவே, நீர் ஓடாமல் எங்கே நிற்கிறதோ அங்கேதான் சேறும் இருக்கும். சேறு தேடுவது என்பது நீர் தங்கும் இடத்தைத் தேடுவதே!

சேறு என்பது என்ன?

மண்ணும் நீரும் சேர்ந்தால் சேறு என்று சொல்லிவிடலாம். ஆனால் ஆற்று மணலில் எவ்வளவு நீர் ஊற்றினாலும் அது சேறாவதில்லையே, ஏன்?

மண்ணில் மூன்று வகைத் துகள்கள் உள்ளன. பெரியவை மணல். அவற்றைவிட நுண்ணியவை வண்டல். மிக நுண்ணியவை களி. களித்துகளின் அளவு 0.002 மில்லிமீட்டருக்கும் குறைவு. மணல் துகள்கள் உருண்டையான கற்கள் போன்றவை. களித்துகள்கள் மெல்லிய தகடுகள் போன்றவை. தகடுகளுக்கிடையே நீர் புகுந்ததும் அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. சேற்றில் நம் கால் வழுக்குவதன் காரணம் இதுதான்.

நீரின் அளவைப் பொறுத்துக் களிமண்ணின் குணம் மாறுகிறது. குறைந்த நீரில் உதிரும். சற்றுக் கூடினால் குயவர் கையில் குழையும். இன்னும் கூடினால் கூழாக ஓடும். இந்த எல்லைகளை அளந்து காட்டியவர் ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஆல்பர்ட் அட்டர்பெர்க். 1911-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட முறைதான் இன்றும் அணை, சாலை கட்டும் பொறியாளர்களுக்கு உதவுகிறது. ஈரமண்ணைக் கண்ணாடித் தகட்டின்மேல் உள்ளங்கையால் உருட்டித் திரியாக்குவார்கள். 3 மில்லிமீட்டர் பருமனுக்கு வரும்போது திரி உடைந்தால், மண் தன் குழைவின் கீழ் எல்லையில் இருக்கிறது என்று பொருள். இதை நீங்களும் செய்து பார்க்கலாம்.

நல்ல சேறு எங்கே தங்கும்?

மழைநீர் ஏரிக்குள் நுழைவதைக் கற்பனை செய்து பாருங்கள். வாய்க்காலில் வேகமாக வந்த நீர், ஏரியின் வாயில் விரிந்து வேகம் குறைகிறது. உடனே மணல் அங்கேயே படிகிறது. வண்டல் இன்னும் சற்றுத் தூரம் பயணம் செய்து படிகிறது. களி மட்டும் நீரோடு நீராகக் கடைசிவரை வந்து, கரையோரத்து ஆழத்தில் மெல்லப் படிகிறது.

நுண்துகள் நீரில் விழும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. விட்டம் பத்தில் ஒரு பங்கானால் வேகம் நூறில் ஒரு பங்காகிவிடும். களி தாமதமாகப் படிவதன் இரகசியம் இதுவே.

எனவே ஏரியில் நீர் வரும் வாய்ப்பக்கம் மணற்பாங்கு. கரையும் மதகும் உள்ள பக்கம் களிச்சேறு. இங்கே ஓர் எச்சரிக்கையும் பிறக்கிறது. சேறு மிகச் சிறந்ததாக இருக்கும் இடமே நீர் மிக ஆழமாக இருக்கும் இடமும் ஆகும்!

துப்புக் கொடுக்கும் உயிர்கள்

தொலைவிலிருந்தே ஈர மண்ணைக் கண்டுபிடிக்க வழிகள் உண்டு. சுற்றிலும் காய்ந்திருக்க, ஓரிடத்தில் மட்டும் கோரைப்புல் பச்சையாக நின்றால் அங்கே நீர் இருக்கிறது. குளவி கூடுகட்ட ஈரமண் உருண்டையைத் தூக்கிச் செல்லும். அது வரும் திசையைக் கவனியுங்கள். தகைவிலான் குருவியும் கூட்டுக்குச் சேறு எடுக்கும்.

இவற்றைவிட அழகான துப்பு வண்ணத்துப்பூச்சிகள். ஈரமண்ணில் அவை கூட்டமாக அமர்ந்து உறிஞ்சுவதைப் பார்த்திருப்பீர்கள். பூந்தேனில் சோடியம் மிகக் குறைவு. சேற்று நீரில் அது கிடைக்கிறது. இப்படி அமர்பவை பெரும்பாலும் ஆண் பூச்சிகளே.

யானைக்குச் சொந்தமான சேறு

நாட்றாம்பாளையத்தைச் சுற்றியுள்ள காடுகளில் சேறு தேடுவோரில் முதலிடம் யானைக்கு. இப்பகுதிக் காடுகள் 2014-ஆம் ஆண்டில் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. யானைக்கு நம்மைப்போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. சேற்றைப் பூசிக்கொண்டால் அதிலுள்ள நீர் மெல்ல ஆவியாகி உடலைக் குளிர்விக்கும். பூச்சிக்கடியும் வெயிலும் உறைக்காது.

ஆப்பிரிக்க யானையின் தோலை ஆராய்ந்த ஜெனீவா அறிஞர்கள் 2018-இல் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டார்கள். அந்தத் தோலில் வலைபோல் நுண்ணிய வெடிப்புகள் உள்ளன. வழவழப்பான தோலைவிட 5 முதல் 10 மடங்கு நீரை அவை பிடித்து வைக்கின்றன. சேறும் அந்த வெடிப்புகளில் நன்றாக ஒட்டிக்கொள்கிறது.

யானைகள் புரண்டு மிதித்த குட்டையின் அடி இறுகிவிடும். அதில் நீர் நெடுநாள் நிற்கும். மான், பன்றி, பறவைகள் எல்லாம் அதைக் குடிக்கும். ஆகவே காட்டுக்குள் இருக்கும் சேற்றுக்குட்டை நமக்குரிய விளையாட்டிடம் அன்று. அனுமதியின்றிக் காப்புக்காட்டில் நுழைவது குற்றம். யானை எதிர்ப்பட்டால் உயிருக்கே ஆபத்து. குட்டை ஓரத்தில் வட்டமான பெரிய காலடித் தடத்தையோ பிண்டத்தையோ கண்டால், சத்தமின்றித் திரும்பிவிடுவதே அறிவுடைமை.

ஊரே இறங்கும் சேறு

சேற்றில் கூட்டமாக இறங்கி மகிழ்வது புதுமை அன்று. சிவகங்கை, மதுரை, புதுக்கோட்டைப் பகுதிகளில் கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர் துண்டை வீசிக் காட்டியதும், ஊத்தா, கச்சா, வலை ஆகியவற்றுடன் நூற்றுக்கணக்கானோர் சேற்றில் பாய்வார்கள். விரால் மீன் காற்றை நேராகச் சுவாசிக்க வல்லது. எனவே நீர் குறைந்த சேற்றிலும் அது உயிரோடிருந்து கைக்கு வழுக்கும். அதுவரை யாரும் தனியாக மீன் பிடிக்கக்கூடாது என்பது கட்டுப்பாடு. தென்கொரியாவில் போரியோங் நகரில் 1998 முதல் சேற்றுத் திருவிழாவே கொண்டாடுகிறார்கள். அதைக் காண வெளிநாட்டினரும் வருகிறார்கள்.

சேறு ஆளை விழுங்குமா?

திரைப்படங்களில் புதைமணல் ஒருவனைத் தலைவரை விழுங்குவதைக் காட்டுவார்கள். 2005-இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் பானும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்தார்கள். புதைமணலின் அடர்த்தி மனித உடலின் அடர்த்தியைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. ஆகவே நாம் இடுப்பளவுக்குமேல் அமிழ்வதில்லை, மிதப்போம். ஆனால் சிக்கிய காலை நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் இழுக்கவே ஒரு நடுத்தரக் காரைத் தூக்குமளவு விசை வேண்டுமாம்!

சேற்றில் கால் மாட்டினால் விசுக்கென்று இழுக்காதீர்கள். இழுக்கும்போது பாதத்துக்கடியில் வெற்றிடம் உண்டாகிறது. வெளிக்காற்றின் அழுத்தம் காலைக் கீழே பிடித்துக்கொள்கிறது. பின்னால் சாய்ந்து உடல் எடையைப் பரப்பி, காலை மெல்ல ஆட்டினால் பாதத்தைச் சுற்றி நீர் புகும், பிடி தளரும்.

அப்படியானால் பயமே இல்லையா? உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஏரியில் மண் வெட்டிய குழிகள் மழைக்குப்பின் நீரும் சேறும் நிரம்பி, சமதரையைப்போல் தோன்றும். அவற்றில் மூழ்கி இறந்த பிள்ளைகள் பலர். நீச்சல் தெரிந்தவர்களும் அவர்களில் உண்டு.

இறங்குமுன் கவனிக்க

பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். கோலால் தரையைக் குத்தி ஆழம் பார்க்க வேண்டும். முழங்காலுக்குமேல் கோல் இறங்கினால் அந்த இடம் வேண்டாம். கருவேல முள்ளும் கண்ணாடித் துண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மோட்டார் வயர் போகும் இடத்தில் இறங்கவே கூடாது.

காலில் புண் இருந்தால் கரையிலேயே நில்லுங்கள். எலி, கால்நடை ஆகியவற்றின் சிறுநீர் கலந்த ஈரமண்ணில் லெப்டோஸ்பைரா என்னும் கிருமி வாழும். அது புண்வழியே புகுந்து எலிக்காய்ச்சலை உண்டாக்கும். சேற்றில் விளையாடிய சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், மருத்துவரிடம் அதை மறக்காமல் சொல்லுங்கள்.

நீரின் நிறத்தையும் மணத்தையும் பாருங்கள். 1970-களிலிருந்து ஓசூர் பெரிய தொழில் நகரமாக வளர்ந்துவிட்டது. அதற்கு மேலே பெங்களூரு மாநகரம் இருக்கிறது. இங்கிருந்து வரும் கழிவுகளால் தென்பெண்ணையில், ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணைப்பக்கம் நுரை பொங்கி ஓடியது பலமுறை செய்தியாகியிருக்கிறது. நுரையோ, எண்ணெய்ப் படலமோ, இரசாயன நெடியோ உள்ள சேறு எவ்வளவு குழைவாக இருந்தாலும் அதில் கால் வைக்கக்கூடாது.

நாமே சேறு செய்தால் என்ன?

இத்தனை ஆபத்தும் இல்லாத சேறு ஒன்று உண்டு. அது நாமே செய்யும் சேறு. பள்ளித் தோட்டத்தில் 4 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலத்தில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண்ணைக் கொத்துவோம். அது ஒன்றரைக் கனமீட்டர் மண். கொத்திய மண்ணில் ஏறத்தாழப் பாதி காலி இடம். அதை நிரப்ப 750 லிட்டர் நீர் வேண்டும்.

குடிநீருக்கே குடத்தோடு நடக்கும் ஊரில் 750 லிட்டரை விளையாட்டில் கொட்டலாமா? கூடாது. ஆனால் கணக்குப் போடுங்கள். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 800 லிட்டர் கிடைக்கும். ஒரு கோடை இடிமழை போதும்!

அந்தச் சேற்றை இருபது பேர் ஒரு மணிநேரம் மிதித்தால், மண்ணுக்கும் ஒரு மாற்றம் நிகழும். கட்டிகள் உடையும், களித்தகடுகள் துளைகளை அடைக்கும், நீர் கீழே இறங்குவது குறையும். நெல் வயலில் சேற்றுழவு செய்வது இதற்காகத்தான். யானை தன் குட்டைக்குச் செய்வதும் இதுவே. ஆகவே குழியைப் பண்ணைக்குட்டையின் அடியில் அமைத்துக்கொண்டால், உங்கள் விளையாட்டே குட்டைக்கு அடித்தளம் போட்டுவிடும். அடுத்த மழைநீர் அங்கே நாள் கடந்து நிற்கும்.

நம்பிக்கை வரவில்லையா? இரண்டு பழைய டப்பாக்களை எடுத்து, அடியில் ஆணியால் துளைகள் இடுங்கள். ஒன்றில் உங்கள் ஊர் மண்ணை அப்படியே நிரப்புங்கள். மற்றதில் அதே அளவு மண்ணை நன்கு பிசைந்து, சேறாக்கி நிரப்பி, ஒரு நாள் விடுங்கள். பிறகு இரண்டிலும் ஒரு டம்ளர் நீர் ஊற்றி, வடிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறியுங்கள். செம்மண், கரம்பை, ஏரி வண்டல் என்று மாற்றியும் செய்யுங்கள். உங்கள் ஊரில் குட்டை வெட்ட ஏற்ற மண் எது என்பதை அந்தக் குறிப்பேடே சொல்லிவிடும்.