சுன்னத்துக்குப் பின் பிள்ளை படும் நோவு

கோடை விடுமுறை வந்துவிட்டால் முஸ்லிம் இல்லங்கள் பலவற்றில் மார்க்கக் கல்யாணம் என்னும் சுன்னத்து வைபவம் நடைபெறுகிறது. பிள்ளைக்குப் புத்தாடை உண்டு, மாலை உண்டு, உறவினர் கையிலிருந்து வெகுமதியும் உண்டு. விருந்தினர் விடைபெற்ற பிறகு அவனுக்கு மிஞ்சுவது என்ன? புண்ணும் நோவுந்தான். முன்தோல் இறுக்கத்திற்காக இதே ரண சிகிச்சை செய்துகொள்ளும் ஏனைய பிள்ளைகளின் நிலையும் அதுவே. அந்த நோவைத் தணிப்பதில் முதல் இரண்டு நாட்களின் பெரும் பொறுப்பு வைத்தியருடையதன்று, வீட்டாருடையது.

"ஆண்பிள்ளை அழலாமா?" என்று கேட்கும் பெரியவர் இல்லாத வீடு அபூர்வம். அவர்களைக் குறை கூறிப் பயனில்லை. குழந்தைக்கு வலி அவ்வளவாகத் தெரியாது என்று கற்றறிந்த வைத்தியர்களே நம்பிய காலம் ஒன்று இருந்தது. 1980-களின் நடுப்பகுதி வரையில் மேனாட்டு ஆஸ்பத்திரிகளில் பச்சிளங் குழந்தைகளுக்குப் பெரிய சிகிச்சைகளைக் கூட மிகச் சொற்ப மயக்க மருந்துடன் செய்து வந்தனர். இது பிழையென நாட்டியவர்களுள் முதன்மையானவர் நம் நாட்டவர். இந்தூரில் மருத்துவம் பயின்று ஆக்ஸ்போர்டு சென்ற கன்வல்ஜீத் ஆனந்த். வலியடக்கும் மருந்தும் பெற்ற குறைமாதக் குழந்தைகள் சிகிச்சைக்குப் பின் நன்கு தேறினர் என்பதை அவரும் அவர் குழுவினரும் 1987-ல் வெளியிட்டனர். பத்தாண்டுக்குப் பின், 1997-ல், கனடாவின் டொராண்டோவில் வேறொன்று கண்டனர். பிறந்தவுடன் சுன்னத்து செய்யப்பட்ட ஆண் குழந்தைகள், நாலைந்து மாதம் கழித்துத் தடுப்பூசி போடுகையில் மற்றக் குழந்தைகளைவிட அதிகமாக வேதனைப்பட்டனர். மரப்புத் தைலம் தடவிச் செய்யப்பட்டவர்களிடம் அந்த வேதனை குறைவாக இருந்தது. மனம் மறந்தாலும் உடல் மறப்பதில்லை போலும்!

இக்காலத்து ஆஸ்பத்திரிகளில் மரப்பூசி போட்டே சிகிச்சை செய்கின்றனர். அதன் பயன் சில மணி நேரம் நிற்கும். பிள்ளை சிரித்துக்கொண்டே வீடு திரும்புவான், "பார்த்தீர்களா, ஒன்றுமே இல்லை!" என்று வீட்டார் நிம்மதியடைவார்கள். மரப்பு விலகும் வேளையில்தான் சோதனை ஆரம்பம். வலி முற்றிய பிறகு மருந்தைத் தேடுவதால் அதை அடக்குவது கடினமாகிறது. ஆகையால் மரப்பு இருக்கும்போதே, வைத்தியர் குறித்துக் கொடுத்த பாரசிட்டமாலைக் கொடுத்துவிட வேண்டும். பிறகு ஓரிரு நாள் அழுகையைப் பாராமல் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது ஒரு வேளைக்கு வழக்கமான அளவு. இரண்டு வேளைக்கு நடுவே 4 முதல் 6 மணி நேரம் செல்ல வேண்டும். நாளொன்றுக்கு நான்கு வேளைக்கு மேல் கூடாது.

இங்கே ஓர் அபாயம் உண்டு. பாரசிட்டமால் பாணியில் சில வகை 5 மில்லிலிட்டருக்கு 120 அல்லது 125 மில்லிகிராம் கொண்டவை. சில 250 கொண்டவை. சீட்டைப் படியாமல் சமையலறைக் கரண்டியால் ஊற்றினால் மருந்து இரட்டிப்பாகிவிடும், கெடுவது ஈரல். சளிக்கென்று வாங்கிய மருந்திலும் இதுவே கலந்திருக்கலாம். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு ஆகாது. 12 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கோடீன் கூடாதென அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டார் 2017-ல் தடுத்துவிட்டனர்.

மருந்தல்லாத உபாயங்களும் உண்டு. மேலே கயிறு கட்டித் துணி புண்ணில் படாமல் தூக்கிவிடும் பழைய வழக்கம் புத்திசாலித்தனமானது. வாஸலின் தடவினால் துணி ஒட்டாது. எரியுமென்று பயந்து சிறுநீரை அடக்குவான். தாராளமாக நீர் பருகச் செய்து, வைத்தியர் அனுமதித்தால் வெதுவெதுப்பான நீரில் உட்கார வைத்தால் எளிதாகக் கழியும். புண்மேல் படியும் இளமஞ்சள் படலம் பெரும்பாலும் ஆறுவதன் அடையாளமே, அதைத் தேய்த்தெடுக்கலாகாது. அழுத்திப் பிடித்தும் நில்லாத இரத்தம், ஜுரம், பரவும் சிவப்பு, வெகு நேரமாகச் சிறுநீர் இறங்காமை இவற்றுள் ஒன்று கண்டாலும் உடனே வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

எவ்வளவு வலிக்கிறது என்று அவனையே கேட்கலாம். சிரிக்கும் முகம் முதல் அழும் முகம் வரை ஆறு முகங்கள் வரைந்த படத்தை வைத்தியர்கள் காட்டுகின்றனர். மூன்று வயதுப் பிள்ளையும் தன் முகத்தைத் தொட்டுக் காட்டிவிடும். அது காட்டியதை நம்ப வேண்டும். அதைவிட முக்கியம், முன்னதாகவே உண்மையைச் சொல்லுதல். "மிட்டாய் வாங்கப் போகிறோம்" என்று ஏமாற்றி அழைத்துச் சென்றால், மறுமுறை பல் வைத்தியரிடம் கூட அவன் வரமாட்டான்.

புண் ஆறச் சுமார் ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். சைக்கிளும் ஓட்டப்பந்தயமும் இன்னும் சில வாரம் பொறுக்க வேண்டும். பள்ளி திறந்ததும் உபாத்தியாயருக்கு இரண்டு வரி எழுதி அனுப்பினால் போதும். காரணத்தை வகுப்பறிய விளம்பாமலே தேகப் பயிற்சியிலிருந்து அவனை விடுவித்து விடுவோம்.