மின்சாரம் திரும்பும் வழி

வீட்டிலே ஒரு மின்விளக்கைப் பொருத்துவதற்கு இரண்டு கம்பிகள் வேண்டும். ஒன்று மின்சாரம் வரும் வழி. மற்றது அது திரும்பும் வழி. மோட்டார்க் காரிலோ, விளக்கிலிருந்து புறப்படும் இரண்டாவது கம்பி பக்கத்திலுள்ள இரும்போடு முடிந்துவிடுகிறது. அப்படியாயின் மின்சாரம் பற்றறிக்குத் திரும்பிச் செல்வது எங்ஙனம்? காரின் இரும்பு உடலே அதற்கு வழியாக அமைகிறது.

இதற்காகவே பற்றறியின் எதிர்முனையை ஒரு தடித்த கம்பியால் காரின் உடலோடு இணைத்திருக்கிறார்கள். இக்கம்பியை நம்மவர் ‘எர்த்து வயர்’ என்பர். பெயரைக் கேட்டு மயங்க வேண்டியதில்லை. றப்பர்ச் சக்கரங்களின்மேல் நிற்கும் காரின் இந்த இணைப்புக்கும் பூமிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40 முதலிய கார்களிலே நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. 1960-களிலேதான் பிரித்தானியக் கார்கள் எதிர்முனைக்கு மாறின.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. அதிர்ச்சி உள்ளே இருப்பவரைத் தாக்காதபடி, காரின் இயந்திரம் றப்பர்த் தாங்கிகளின்மேல் அமர்த்தப்பட்டிருக்கிறது. றப்பரோ மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே இயந்திரத்தையும் உடலையும் இணைக்க வேறொரு செப்புப் பட்டி தேவையாகிறது. பல கார்களில் ஸ்ராட்டர் மோட்டார் இழுக்கும் மின்சாரம் முழுவதும் இந்தச் சிறு பட்டியின் வழியாகவே திரும்புகிறது. பட்டி பழுதுபட்டால் மின்சாரம் வேறு வழி தேடும். மெல்லிய கிளச்சுக் கம்பியூடாக அது பாய்ந்து, அக்கம்பி சூடேறிக் கருகுவதும் உண்டு.

இதனை நான் கற்றது அனுபவத்தினாலாகும். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மழை இரவிலே, காய்ச்சலால் வாடிய மகளை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லக் காரிலே ஏற்றினோம். சாவியைத் திருப்பினால், ஸ்ராட்டர் ஒருமுறை முனகி ஓய்ந்தது. அயலவர் ஒருவர் தம் வண்டியைத் தந்து உதவினார். மறுநாள் ஒரு கடையிலே, “பற்றறி போய்விட்டது” என்றார்கள். புதிய பற்றறி வாங்கினேன். பத்து நாளில் அதே முனகல். இன்னொருவரோ, “எர்த்து வயர்கள் நாலைந்து கூடுதலாகப் போடுங்கள், பெற்றோலும் மிச்சமாகும்” என்றார்.

கடைசியில் முதிய மெக்கானிக் ஒருவரிடம் சென்றேன். அவர் ஒன்றையும் கழற்றவில்லை. மல்டிமீற்றரின் ஒரு முனையை இயந்திரத்தின் வெற்றுலோகத்திலும், மறுமுனையைப் பற்றறியின் எதிர்முனைத் தண்டிலும் வைத்துக்கொண்டு, “சாவியைத் திருப்புங்கோ, மாஸ்ரர்” என்றார். மானி 1.4 வோல்ற் காட்டியது. செப்புப் பட்டியின் நுனியைக் கழற்றினார். பச்சைக் களிம்பு மண்டிக் கிடந்தது. சுரண்டித் துடைத்து இறுக்கிய பின் மானி 0.1 வோல்ற் காட்டியது. ஸ்ராட்டர் துள்ளிச் சுழன்றது. பல ஆண்டுகளாக ஓமின் விதியைக் கரும்பலகையில் எழுதிவந்த எனக்கு வெட்கமாக இருந்தது.

மாணவர்கள் இக்கணக்கைச் செய்து பார்க்கலாம். ஸ்ராட்டர் 150 அம்பியர் இழுப்பதாகக் கொள்வோம். திரும்பும் வழியில் 0.01 ஓம் தடை இருந்தால், அழுத்த வீழ்ச்சி 1.5 வோல்ற். பன்னிரண்டு வோல்ற்றுப் பற்றறிக்கு இது பெரிய இழப்பு. அந்த இணைப்பிலே 225 உவாற்று வலு வீணே வெப்பமாகிறது. தடை 0.001 ஓம் ஆனால் வீழ்ச்சி 0.15 வோல்ற் மாத்திரமே. ஸ்ராட்டர் சுற்றின் இப்பக்கத்திலே வீழ்ச்சி 0.2 வோல்ற்றைத் தாண்டாதிருத்தல் நன்று என்பது தொழிலாளர் கொள்ளும் அளவு. முன்விளக்கின் எர்த்து இணைப்பும் இத்தகையதே. இழை விளக்குக்குக் கிடைக்கும் அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், ஒளி ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துவிடும்.

இனி, கூடுதல் எர்த்து வயர்களைப் பற்றிப் பார்ப்போம். 2000-ஆம் ஆண்டை அண்டிய காலத்தில் ஜப்பானிலே இது பெருவழக்காயிற்று. இயந்திரத்தின் பல இடங்களிலிருந்து பற்றறிக்கு வண்ண வயர்களை இழுத்தால் வலு கூடும், எரிபொருள் மிஞ்சும் என்றார்கள். கணக்கு என்ன சொல்கிறது? நல்ல நிலையிலுள்ள 0.001 ஓம் பாதைக்குப் பக்கத்தில் அதேயளவு தடையுள்ள இன்னொரு வயரைப் போட்டால், தடை பாதியாகும். ஸ்ராட்டருக்குக் கிடைக்கும் ஆதாயம் 0.075 வோல்ற். அது கண்ணுக்கோ காலுக்கோ தெரியாது. பழுதான பாதைக்குப் பக்கத்தில் போட்டால் கார் திருந்தியதாகத் தோன்றும். ஆனால் களிம்பு பிடித்த பட்டி அப்படியே இருக்கும். ஆதலால் முதலில் அளத்தல் வேண்டும். அடுத்துச் சுத்தஞ் செய்தல் வேண்டும். அதன் பின்னரே புது வயர். உப்புக் காற்று வீசும் கரையோர ஊர்களிலே, பழைய காரின் பட்டிக்குத் துணையாக ஒரு நல்ல வயரைப் போடுவது வீண்செலவன்று.

போடும்போது, முதலில் பற்றறியின் எர்த்து முனையைக் கழற்றுக. பூட்டும்போது அதையே கடைசியாகப் பூட்டுக. பல மெல்லிய இழைகளாலான தடித்த செப்பு வயரே இயந்திரத்தின் அசைவைத் தாங்கும். பொருந்தும் இடத்தில் பெயின்றையும் துருவையும் சுரண்டி, உலோகம் பளிச்சிட்ட பின் இறுக்கி, மேலே வாசலீன் பூசுக. புகைக் குழாய்க்கும் சுழலும் பட்டிகளுக்கும் வயர் எட்டவே இருக்கட்டும். புதிய கார்கள் சிலவற்றில் எதிர்முனையிலே மின்சாரத்தை அளக்கும் சிறு கருவி உண்டு. அங்கே புது வயரை முனையில் அன்றி, உடலிலேயே பூட்ட வேண்டும். ஹைபிரிட் கார்களின் செம்மஞ்சள் நிறக் கம்பிகளில் உயிரைப் பறிக்கும் அழுத்தம் உண்டு. அவற்றை அறிந்தவரன்றி வேறெவரும் தொடலாகாது.

அந்தப் பழைய செப்புப் பட்டி இன்றும் என் காரிலே இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை, மாரி தொடங்குமுன், மகள் சாவியைத் திருப்ப நான் மானியைப் பிடிக்கிறேன். இப்போது பத்தாம் வகுப்பிலே படிக்கும் அவளுக்கு ஓமின் விதியைத் தனியாகக் கற்பிக்க வேண்டிய தேவை ஏற்படவில்லை.