மூக்கின் முகட்டு விட்டம்

தோல் மட்டும் போதாது

நெற்றித் தோலைக் கீழே திருப்பி, அறுபட்ட மூக்கிருந்த இடத்தில் பதித்துப் புதிய நாசி சமைக்கும் வித்தை நம் தேசத்தில் நெடுங்காலம் வழங்கியதென்பதும், புனாவில் கவாஸ்ஜி என்ற வண்டிக்காரருக்கு நடந்த அத்தகைய சிகிச்சை 1794-இல் லண்டன் பத்திரிகையொன்றில் படத்துடன் வெளியாயிற்றென்பதும் பலர் அறிந்த விஷயங்களே. ஆனால், உள்ளே தாங்குவதொன்றும் இன்றித் தோலால் மட்டும் எழுப்பிய மூக்கு, முகட்டு விட்டமில்லாத கூரையைப் போல் நாளடைவில் அமுங்கிவிடும் என்பதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை.

விட்டம் எங்கிருந்து வருகிறது?

விபத்தினாலோ தொழுநோயினாலோ மூக்குத்தண்டு குதிரைச் சேணம்போல் குழிந்துவிட்டால், குழிவு சிறிதாயின் காதுமடலின் குருத்தெலும்பே போதும். பெரிதாயின் நோயாளியின் இடுப்பிலிருந்தோ விலாவிலிருந்தோ மண்டையோட்டிலிருந்தோ எலும்புத்துண்டு எடுத்துச் சீவி, நெற்றியோடு மூக்கு கூடுமிடத்தில் திருகாணியால் பிணைப்பதுண்டு. இடுப்பெலும்பு தாராளமாகக் கிடைக்குமாயினும், எடுத்த இடத்து வலி சில நாள் நடையைத் தடுக்கும்; ஒட்டிய எலும்பும் காலப்போக்கில் ஓரளவு கரையும். மண்டையோட்டு எலும்பு அவ்வளவாகக் கரைவதில்லை என்பது சஸ்திர வைத்தியர் பலருடைய அபிப்பிராயம். தழும்பும் மயிருக்குள் மறைந்துவிடும். சிரசைத் தொடுவதா என்று அஞ்சுவது இயற்கையே. ஆனால் அவ்வோட்டின் இரு தகடுகளில் வெளித்தகடு மட்டுமே பெயர்க்கப்படுகிறது, உள்தகடு மூளையைக் காத்து நிற்கிறது. சிலிக்கோன் போன்ற அன்னியப் பொருள் சில வேளை தோலைத் துளைத்து வெளிவருவதுண்டு. சொந்த எலும்புக்கோ அந்த அபாயம் மிகக் குறைவு. விறைப்புத்தான் அதன் குறை. ஆகவே நுனிக்குக் குருத்தெலும்பையே நாடுவர். பின்னர்ச் சில வாரம் மூக்கைச் சிந்தாமலும் கண்ணாடியின் பாரம் அதன்மேல் விழாமலும் இருத்தல் வேண்டும். புகையிலையை அறவே விடவேண்டும்.

அடிபட்ட அன்றே

குழந்தையொன்று கீழே விழுந்து, வெளியே காயமொன்றும் தெரியாமல் இரு நாசியும் அடைத்துக்கொண்டால், நடுச்சுவரில் ரத்தம் கட்டியிருக்கக்கூடும். அங்குள்ள குருத்தெலும்புக்கென்று ரத்தக்குழாய் இல்லை. மேலே படர்ந்த சவ்விலிருந்தே போஷாக்குப் பெறுகிறது. இடையில் தேங்கிய ரத்தம் அந்த உறவைத் துண்டித்துவிட்டால் சில நாட்களுக்குள் அது மாண்டு, மூக்கும் அமுங்கிப்போகும். தேங்கியதைக் கீறி வெளியேற்றுவது சிறு சிகிச்சையே. பெற்றோர்களே, சளியடைப்பென்று எண்ணிப் பற்றுப்போட்டுக் காத்திராமல், அன்றே காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் குழந்தையைக் காட்டுங்கள்.